நம்ம லயத்திலிருந்து ஒரு மருத்துவிச்சி

(மே 5ஆம் திகதி உலக மருத்துவிச்சியர் தினத்தையொட்டி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறு நாளும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நம்ம தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஏன் மருத்துவிச்சி படிப்புக்குப் போகக்கூடாது? இதுதான் இன்றைய பேச்சு.

இங்கே முன்வரிசையில் இருக்கிற பாட்டிமார் பலர் லயத்துக் காம்பராவில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் கைப்பழக்கத்தால் தொழில் தெரிந்த ஒரு மருத்துவச்சிக் கிழவி இருப்பார். நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வருவார். அவர்களை நாம் குறைவாகப் பேச வரவில்லை. ஆனால் இரத்தம் நிற்காமல் போனால், வலிப்பு வந்தால், அவர்கள் கையில் என்ன இருந்தது? வேப்பிலையும் சாமி விபூதியும்தான்.

நம்ம நாட்டில் 1930களில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது சுமார் 30. இது தானாக நடந்த காரியமா? 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதற்குப் பிறகு படித்த மருத்துவிச்சிமார் ஊர் ஊராக, வீடு வீடாகப் போனார்கள். ஆஸ்பத்திரி, மருந்து, இரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் சேர்ந்துதான் தாய்மாரைக் காப்பாற்றின. ஆனாலும் வாசற்படிக்கு முதலில் வந்தவர் மருத்துவிச்சிதான். இன்றைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோமே, நம்ம மிட்வைப் மிஸ், அவரேதான்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறோம். பெயரும் இடமும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்னால் கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி ஏழு மாதக் கர்ப்பத்தோடு கிளினிக்குக்குப் போனார். பி.பி. பார்த்தார்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மூன்று நாளில் திரும்பி வா, தலையிடி வந்தால், கண் முன்னே பூச்சி பறந்தால், கை முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று சிங்களத்தில் சொன்னார்கள். அட்டையிலும் எழுதினார்கள். தங்கச்சிக்குச் சிங்களம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாம் நாள் தலையிடி. வெயிலாக இருக்கும் என்று மலைக்குப் போனார். மூன்றாம் நாள் கண் மங்கியது. பித்தம் என்று புருஷன்காரன் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நாலாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. தோட்டத்து லொறியில்தான் கொண்டு போனோம். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

கிளினிக்கில் இருந்த மிஸ் தன் வேலையைச் செய்தார். அவர் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. அந்த அட்டையை எம்மிடம் கொண்டு வந்திருந்தால் வாசித்துச் சொல்லியிருப்போம். அவர் கொண்டு வரவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த மேசையில் தமிழ் பேசுகிற ஒரு பிள்ளை இருந்திருந்தால், "அக்கா, இது பித்தமில்ல, இது பொல்லாத வருத்தம், ராத்திரின்னாலும் ஓடி வந்திருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

சரி, இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? பிள்ளை எடுக்கிறதுக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கு என்று சிலர் கேட்கிறீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

வயிற்றில் இருக்கிற பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை அடிக்க வேண்டும். மருத்துவிச்சி அதைக் காது வைத்துக் கேட்டு எண்ணப் படிக்கிறாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே தலை மேலேயா கீழேயா என்று சொல்லப் படிக்கிறாள். பி.பி. 140க்கு 90ஐத் தொட்டால் ஏன் பயப்பட வேண்டும் என்று படிக்கிறாள். கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச் சோகை என்று படிக்கிறாள்.

இந்த இரத்தச் சோகை நம்ம வீட்டு விஷயம். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு, மேலே ஒரு கோப்பை சாயம் குடிக்கிறோம். தேயிலையில் இருக்கிற ஒரு சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. நாம் பறிக்கிற கொழுந்துதான், குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். லயத்தில் பிறந்த மருத்துவிச்சிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் இருக்கிற கோப்பையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கும்.

பிற நாடுகளில் இது பெரிய படிப்பு. இங்கிலாந்தில் இன்று மருத்துவிச்சியாகப் பதிவு செய்யப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். பொதுவாக 3 வருடம். பாதிக் காலம் வகுப்பில், பாதிக் காலம் தாய்மாரோடு. மேற்பார்வையில் 40 பிரசவம் பார்த்துத்தான் படிப்பை முடிக்க வேண்டும்.

நம்ம நாட்டில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, சுகாதார அமைச்சின் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி. சுமார் ஒன்றரை வருடம். ஆஸ்பத்திரியிலும் வெளிக்களத்திலும் பழகுவார்கள், பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானியில் விளம்பரம் வரும்போது வயது, பாடம், தகுதி எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது, பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் 4 வருடம். தாய் சேய் பராமரிப்பும் அதில் ஒரு பாடம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மஹாபொல உதவிப்பணமும் உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒரு பங்கு இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பட்டப்படிப்புக்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேண்டும். இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் உயர்தர விஞ்ஞானம் கிடையாது. ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று டவுனுக்கு அனுப்ப வேண்டும். பஸ் காசு, தங்குமிடம், டியூசன். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாடங்களை இங்கிலிஷில் படிக்க வேண்டியும் வரும். அதனால் 6ஆம் வகுப்பிலிருந்தே இங்கிலிஷை விடக்கூடாது.

காசைவிடப் பெரிய தடை ஒன்று நம்ம வாயில் இருக்கிறது. "அந்த வேலைய நம்ம புள்ள பாக்கிறதா?" என்று கேட்கிறோம். பிள்ளைப்பேறு பார்த்த கையைத் தீட்டு என்றும், இன்ன சாதி வேலை என்றும் ஒதுக்கி வைத்த பழக்கம் அது. அந்தக் கை இல்லாமல் இங்கே யார் பிறந்தோம், சொல்லுங்கள். நம்ம எல்லோரையும் இந்த மண்ணில் முதலில் தொட்டது அந்தக் கைதான்.

இன்னொரு தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது எமது தவறு. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு தந்தை மகளைக் கூட்டிக்கொண்டு எமது காரியாலயத்துக்கு வந்தார். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல சித்தி. "மேல படிக்க வைக்கலாமாங்க ஐயா?" என்று கேட்டார். டவுனுக்கு அனுப்பி ஏன் கஷ்டப்படுகிறீர்கள், பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு ஆள் தேவை என்று நாம் சொன்னோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். அந்த வேலையும் நிலைக்கவில்லை. இன்று அவர் கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருக்கிறார். போன தீபாவளிக்கு வந்தபோது தன் சின்ன மகளைக் காட்டி, "ஐயா, இவளுக்காவது சரியான வழி சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு எமக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறோம். சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நன்றாகச் செய்கிற பிள்ளை இருந்தால், கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்ப முன்னால் ஒரு தடவை எமது காரியாலயத்துக்குக் கூட்டி வாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், வர்த்தமானி வாசிக்கவும், பாடசாலை அதிபரிடம் பேசவும் நாம் வருகிறோம். இரண்டாவது, கிளினிக் அட்டை விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள், எம்மிடம் கொண்டு வாருங்கள். மூன்றாவது, "பொம்பளப் புள்ளதானே" என்ற பேச்சை இந்தக் காம்பரா வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் நம்ம லயத்து வாசலில் தமிழ் பேசுகிற ஒரு மிட்வைப் மிஸ் வந்து நிற்பாள். "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று பாட்டி கேட்பார். "மேல்லயத்துப் புள்ளதான் பாட்டி" என்பாள். அந்தப் பிள்ளை இப்போது உங்களில் யாரோ ஒருவர் மடியில் இருக்கிறாள்.