நொண்டும் நாய்க்கு மூன்று மாதப் பொறுமை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

நாய் வளர்ப்பவர்களோடு வளர்க்காதவர்களும் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இன்று நான் சொல்வதில் இரு தரப்புக்கும் வேலை இருக்கிறது.

நாயின் பின்னங்கால் முழங்காலுக்குள் இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகின்றன. முன்பக்க ஜவ்வு அறுந்தால், காலை ஊன்றும்போதெல்லாம் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கும். விளையாட்டு வீரர்களுக்கு இது ஒரே நொடியில் அறுவதுண்டு. நாய்களுக்குப் பெரும்பாலும் பழைய கயிறு போல இழை இழையாக நைந்து, ஒரு நாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அறுகிறது. அதனால்தான் பல நாய்களுக்குப் பின்னாளில் மறு காலிலும் வருகிறது. லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களும் எடை கூடிய நாய்களும் கூடுதல் கவனத்துக்குரியவை.

உட்காரும்போது ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டுகிறதா? படுத்து எழுந்ததும் நொண்டுகிறதா? உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிறிய நாய்கள் சில, எடைக் குறைப்பும் பயிற்சியுமாகவே தேறிவிடும். பெரிய நாய்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். டிபிஎல்ஓ என்ற முறையில் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக வெட்டி, சற்றுத் திருப்பி, தகடு வைத்துத் திருகுவார்கள். அந்த எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். நாயோ இரண்டாவது வாரத்திலேயே காலை ஊன்றத் தொடங்கிவிடலாம். ஆபத்து இந்த இடைவெளியில்தான். "நல்லா ஆயிடுச்சே டாக்டர்" என்று அவிழ்த்துவிட்டால், ஒரு பூனையைத் துரத்தினாலே போதும், தகடு விலகிவிடலாம்.

முதல் சில நாட்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டும் விதத்தை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு லீஷ் பிடித்து 5 நிமிட நடை. மருத்துவர் சொல்லச் சொல்லக் கூட்டுங்கள். மெதுவாக நடத்துங்கள். வேகமாகப் போனால் நாய் மூன்று காலிலேயே தாவிப் போய்விடும். மெதுவாக நடந்தால்தான் நான்காவது காலை ஊன்றும், சூம்பிய தொடைத் தசை திரும்பி வரும். அடுத்த கட்டத்தில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சரிவில் ஏறும் பயிற்சி. நம் கார் பார்க்கிங் சரிவே இதற்குப் போதும். வசதியுள்ள மையங்களில் தண்ணீருக்குள் டிரெட்மில் உண்டு. நீர் உடலைத் தாங்குவதால் மூட்டில் பாரம் குறையும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரியும்வரை ஓட்டம், குதியல், மாடிப்படி எதுவும் வேண்டாம்.

வீட்டு டைல்ஸ் தரையில் நாய் நடக்கும் வழியெங்கும் ரப்பர் பாய் போடுங்கள். தீனியை அளந்து வையுங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்குப் பழைய அளவு தீனி போட்டால் எடை ஏறி, அந்தப் பாரமெல்லாம் முழங்காலில்தான் இறங்கும்.

நாய் வளர்க்காதவர்களிடம் ஒரு வேண்டுகோள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நாயைத் தாங்கியபடி யாராவது வந்தால், லிஃப்ட்டை ஒரு நிமிடம் நிறுத்திவையுங்கள். குழந்தைகளிடம் அதன் முன்னால் பந்து போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டாசு வெடிக்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூன்று மாதம்தான். அதன்பின் பெரும்பாலான நாய்கள் பழையபடி நடக்கும்.