மடைப்பள்ளியும் ஒரு தவச்சாலை
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் இவனுக்கும் ஜப்பானியச் சமையலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். அத்தொடர்பு ஜீவனஹள்ளியில் உள்ள என் சிறிய அடுக்களையிலே பிறந்தது.

என் இல்லாள் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. நான் சமைத்ததைப் பிள்ளைகள் குறை கூறியதே இல்லை. ஆயினும் அவர்கள் நா அன்னையின் கைப்பக்குவத்தைத் தேடியதை நான் அறிவேன். அந்நாளில், ஜப்பானிய மொழி பயிலும் என் மகள் அந்நாட்டுச் சைவச் சமையல் முறையொன்றை எழுதித் தந்தாள். எவருடைய கைப்பக்குவத்தோடும் ஒப்பிட இயலாத சமையல் அது! அதனாலேயே துணிந்து தொடங்கினேன்.

'கோம்பு' என்னும் உலர்ந்த கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் மெல்லச் சூடேற்றி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும். அச்சாறே பல பண்டங்களுக்கு அடிப்படை. அதன் தனிச்சுவைக்குக் காரணமான பொருளை 1908-ஆம் ஆண்டில் கண்டறிந்த இகெடா என்னும் அறிஞர், அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். நம் தக்காளி இரசத்திலும் அச்சுவை உண்டு!

பொறுமையைக் கற்பித்த இச்சமையலின் வரலாற்றைத் தேடினேன். 1223-ஆம் ஆண்டில் சீனம் சென்ற தோகென் என்னும் ஜப்பானிய இளந்துறவி, காளான் வாங்கக் கப்பலுக்கு வந்த முதிய மடைப்பள்ளித் துறவி ஒருவரைக் கண்டார். இம்முதுமையில் தியானத்தை விடுத்து அடுப்படியில் உழல்வானேன் என வினவினார். தவம் இன்னதென்று நீர் இன்னும் அறியவில்லை என்று நகைத்தாராம் முதியவர். அதனை மறவாத தோகென், 1237-இல் மடைப்பள்ளித் துறவிகளுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். பெற்றோர் பிள்ளையைப் பேணும் உள்ளத்தோடு சமைக்க வேண்டும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று.

அதனை அறிந்த நாள்முதல் அடுக்களை எனக்குச் சுமையன்று. கடமையை உணர்த்தும் இடமாயிற்று. ஊரில் குடும்பத்தை விட்டுவந்து தனியே உண்ணும் நம் இளைஞர் சிலர் இப்போது ஞாயிறுதோறும் என் இல்லத்திற்கு வருகின்றனர். இரசமும் கற்பிக்கின்றேன், பாசிச் சாறும் கற்பிக்கின்றேன். சமைக்கத் தெரியாதோர் கூச்சமின்றி வருக. தெரிந்தோர் எனக்குக் கற்பிக்க வருக!