முன்பின் அறியாதார் ஏற்றிய விளக்கு



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழருக்கு ஊர்ப்பயணம் என்பது ஆண்டுக்கொருமுறை வாய்க்கும் திருவிழா. மும்பையிலிருந்து புறப்பட்ட இரயில் கடப்பையையும் இராசம்பேட்டையையும் கடந்து ரேணிகுண்டாவை அடைந்ததுமே, சொந்த வீட்டு வாசலை மிதித்துவிட்டதுபோல் நெஞ்சு நிறையும். அங்கே இறங்கி, திருமலையையும் திருச்சானூரையும் வணங்கிவிட்டு ஊருக்குச் செல்வது நம்மவர் பலரின் வழக்கம். 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நாங்களும் அவ்வாறே இறங்கினோம். நாள் தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டிய முதிய தந்தையாரும், ஒரு சிறு குழந்தையும் எங்களுடன் இருந்தனர்.

திருச்சானூர், திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர். அந்த ஆற்றுக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் திருச்சோகினூர் என்று குறிக்கின்றன. எங்கிருந்தோ வந்தவர்கள் கோயிலில் விளக்கெரியப் பொன் வைத்துச் சென்ற செய்தியும் அக்கல்வெட்டுகளில் உண்டு. ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறுதான் பொன்முகலி. அந்த ஆறு எங்களைச் சோதிக்கும் என்று நாங்கள் எண்ணவேயில்லை.

நவம்பர் 18ஆம் நாள் பகலெல்லாம் மழை ஓயவில்லை. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் மறுநாள் விடியுமுன் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. திருமலைக்குச் செல்லும் பாதைகள் மூடப்பட்டன. பொன்முகலி கரை புரண்டது. ஆற்றோரத்து வீடுகள் சரிந்து வெள்ளத்தில் வீழ்ந்தன. 19ஆம் நாள் கடப்பை மாவட்டத்தில் செய்யாற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் கரை உடைந்து பல உயிர்களைப் பலிகொண்டது. இராசம்பேட்டையை அடுத்த நந்தலூர்ப் பக்கத்தில் இரயில் பாதையே அரித்துச் செல்லப்பட்டது. வந்த வழியும் அடைபட்டது. போகும் வழியும் தெரியவில்லை.

நாங்கள் தங்கியிருந்த கீழ்த்தளத்து அறைக்குள் நள்ளிரவில் தண்ணீர் புகுந்தது. பெட்டிகளைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இருளில் செய்வதறியாது நின்றோம். அப்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பைக்கி ரண்டி! தாத்தகாருவை முதல்லே ஏத்துங்க!" என்று தெலுங்கும் தமிழும் கலந்து ஓர் அம்மையார் அழைத்தார். அவர் எங்கள் ஊரைக் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. உலர்ந்த துணி கொடுத்தார். தம் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலில் பாதியைக் காய்ச்சி எங்கள் குழந்தைக்குப் புகட்டினார்.

விடிந்ததும் மற்றொரு கவலை எழுந்தது. தந்தையாரின் மருந்து நனைந்து கரைந்துபோயிருந்தது. அத்தெருவிலேயே குடியிருந்த ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர், வெறும் மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து 10 மாத்திரைகளுடன் திரும்பினார். மின்சாரம் இல்லாத கடையில் கடைக்காரர் கைவிளக்கை வைத்துத் தேடி எடுத்தாராம். நாங்கள் கொடுத்தனுப்பிய பணத்தை இளைஞர் அப்படியே திருப்பித் தந்தார். "இப்ப வேணாம், தண்ணி வடிஞ்சதும் பாத்துக்கலாம்னு சொல்லிட்டார் சார்" என்றார்.

அன்று திருக்கார்த்திகை. தெலுங்கு மகளிர் கார்த்திகைப் பௌர்ணமியன்று, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 திரிகளைச் சேர்த்துக் கட்டி நெய்யில் நனைத்து ஏற்றுவார்கள். அந்த அம்மையாரும் அவ்வாறு ஒரு கட்டு வைத்திருந்தார். மாலையில் இருள் சூழ்ந்தது. மேலும் இரண்டு குடும்பங்கள் அடைக்கலம் தேடி மாடிப்படியில் ஏறி வந்தன. அம்மையார் சற்றே நின்று எண்ணினார். பிறகு அந்தக் கட்டைப் பிரித்தார். படிக்கு ஓர் அகல் வைத்தார். "வர்றவங்க வழுக்கி விழக் கூடாதே; இந்த வருஷம் படியிலேயே எரியட்டும்" என்றார். ஓர் அகலை எங்களிடம் நீட்டி, "உங்களுக்கும் இன்னிக்குப் பண்டிகைதானே?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இங்கே மறைப்பது முறையன்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று நகரெங்கும் மக்கள் தெருவில் நின்று, நடந்து சென்றோருக்குத் தேநீரும் ரொட்டியும் வழங்கினர். அவ்விரவில் நனைந்து நடுங்கிய ஒருவர் எங்கள் கதவையும் தட்டினார். நீர் வடியும்வரை இருக்க இடம் கேட்டார். நாங்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம், கதவைச் சாத்திக்கொண்டோம். அவர் மொழி வேறு, முகம் புதிது என்பதே எங்கள் தயக்கம். 16 ஆண்டுகள் கழித்துத் திருச்சானூரில், அந்த மனிதர் நின்ற இடத்தில் நாங்கள் நின்றோம். எங்களுக்கோ கதவு திறந்தது.

21ஆம் நாள், பழமை வாய்ந்த இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு காணப்பட்டதால் சுற்றுச் சிற்றூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த அச்சத்தினிடையிலும் அம்மையாரின் அடுப்பு அணையவில்லை. வெள்ளம் வடிந்தபின் மருந்துக் கடையைத் தேடிச் சென்றோம். கதவு அடைத்திருந்தது, வாசலில் முழங்காலளவு சேறு கிடந்தது. அந்த 10 மாத்திரைகளின் விலை இன்றும் எங்கள் கணக்கில் கடனாகவே நிற்கிறது.

அன்பர்களே! பெருங்கொடைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அரைப் படி பாலையும் படிக்கட்டு அகலையும் எவரும் வெட்டி வைப்பதில்லை. அவற்றை நினைவில் வைப்பது பெற்றவர் கடமை. பிற மாநிலங்களில் வாழும் நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் முன்பின் அறியாதாராக அங்கு வந்து இறங்கியவர்களே. யாரோ ஒருவர் வாடகை வீட்டைக் காட்டினார். யாரோ ஒருவர் நம் தடுமாறும் பேச்சைப் பொறுத்துக்கொண்டார். அந்தக் கடனை வாங்கிய இடத்திலேயே திருப்பித் தர இயலாது. அடுத்து நம் கதவைத் தட்டுபவரிடமே தர இயலும்.

இப்போது மழை வலுக்கும் இரவுகளில், எங்கள் வாயிற்படி விளக்கை நாங்கள் அணைப்பதில்லை.