பணம் கட்டினால் கேஸ் இல்லையாம்!



2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனி கதவைப் பூட்டியது யாருக்கும் மறந்திருக்காது. ஒன்றரை லட்சம் கட்டு, குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், மாதாமாதம் பணமும் தர்றோம் என்றார்கள். நகையை வைத்தும் கடன் வாங்கியும் கட்டியவர்கள் நம் ஆட்கள்தான். கடைசியில் பட்டியில் கோழி பட்டினி கிடந்தது, அரசாங்கம் தீவனம் போட வேண்டியதாயிற்று. ஏமாந்தவர் கையில் மிஞ்சியது போலீசில் கொடுத்த புகாரும் கோவை சிறப்புக் கோர்ட் கேசும்தான். சொத்தை முடக்கவும் ஏலம் விடவும் அந்தக் கேஸ் ஒன்றுதான் பிடி. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி.

அந்தக் கயிற்றைப் பெரிய இடத்தில் அவிழ்த்துவிட ஆரம்பித்திருக்கிறார்கள்.

குஜராத்தில் ஸ்டெர்லிங் பயோடெக் என்று ஒரு கம்பெனி. முதலாளிகள் சந்தேசரா சகோதரர்கள். வங்கிகளில் 5,383 கோடி ரூபாய் மோசடி என்று 2017-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. ஆள் நாட்டிலேயே இல்லை. 2020-இல் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் என்று கோர்ட் அறிவித்தது. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன? டிசம்பர் 17-க்குள் 5,100 கோடி கட்டினால் சி.பி.ஐ. வழக்கு, அமலாக்கத்துறை வழக்கு எல்லாம் ரத்து!

முன்பே கொஞ்சம் கட்டியிருக்கிறார்கள், வாஸ்தவம்தான். "வங்கிக்குப் பணம் வந்தால் சரிதானே" என்று நம்மிடமே சிலர் கேட்கிறார்கள். சரியில்லை ஐயா. அது யார் பணம்? நாம் சேமிப்புக் கணக்கில் போட்ட பணமும் அதில் உண்டு. நம்மை யார் கேட்டார்கள்? தப்பு செய்தார்களா இல்லையா என்று தீர்ப்பே வரவில்லை. பேரம் முடிந்தது, அவ்வளவுதான். அடுத்து மோசடி செய்ய நினைப்பவன் இதைப் பார்க்க மாட்டானா? அகப்பட்டால் ஒரு தொகையைக் கட்டிவிடலாம் என்று முதலிலேயே கணக்குப் போடுவான்.

2023 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வேண்டுமென்றே கடன் கட்டாதவரிடமும், மோசடிக் கணக்கு வைத்தவரிடமும் வங்கிகள் சமரசம் பேசலாம் என்றது. வங்கி ஊழியர் சங்கங்களே எதிர்த்தன. கிரிமினல் கேஸ் பாதிக்கப்படாது என்று அதில் ஒரு வரியாவது இருந்தது. அந்தக் கேசும் போனால் என்ன மிச்சம்?

இந்த உத்தரவை வேறு வழக்கில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். நகைக்கடன் தவணை தவறியவன் போய்க் கேட்க முடியாது என்று அர்த்தம். அவன் தாலிக்கொடிக்கு ஏல நோட்டீஸ்தான்.

நம் சங்கம் கேட்பது இதுதான். எந்த மோசடி வழக்கிலும் பணம் இழந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் சமரசம் பேசாதே! வாங்கிய பணம் வட்டியோடு அவர்கள் கைக்கு வரும்வரை வழக்கை முடிக்காதே! மனு உங்கள் ஊருக்கு வரும். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஈமுவில் ஏமாந்தவர்கள் முதலில் போடட்டும்.