அடைபட்ட குழாயும் சுடுநீரும்



குசினித் தொட்டியில் நீர் வடியாது தேங்கி நின்றால், "ஒரு கேத்தல் கொதிநீரை ஊற்றிவிடு" என்பதே நம் இல்லங்களில் முதலில் எழும் யோசனை. அது முற்றிலும் பிழையன்று. ஆயினும் அதற்கு எல்லையுண்டு.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும் இயல்பினது. கொழும்பில் திரவமாய் ஓடும் எண்ணெய் நுவரெலியாவிலே போத்தலுக்குள் வெண்கட்டியாகி நிற்பது இதனாலேதான். குழாய்க்குள்ளும் இதுவே நிகழ்கிறது. தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் எப்பொழுதும் சிறிது நீர் நிற்கும். அங்கே எண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் படிந்து, நாளடைவில் வழியை ஒடுக்குகின்றன. சுடுநீர் இளக்குவது இவ்வகை அடைப்பை மாத்திரமே. தலைமயிர், மணல், தேயிலைச் சக்கை ஆகியவற்றை அது ஒன்றுஞ் செய்யாது.

இக்காலத்து வீடுகளிற் பெரும்பாலும் பி.வி.சி. குழாய்களே உள்ளன. 60 பாகைக்கு மேல் அவை வலுக்குன்றத் தொடங்கும். கொதிநீரோ 100 பாகை. வெப்பமானி தேடவேண்டியதில்லை, கொதிநீருடன் அதே அளவினும் சற்றுக் கூடுதலாகக் குழாய்நீரைக் கலந்தாற் போதுமானது. சோறு வடித்த கஞ்சியைச் சூட்டோடு தொட்டியிற் கொட்டுவோர் பலர். அது குழாயையும் வருத்தும். மாப்பசையையும் உள்ளே படியவிடும். அதில் உப்பிட்டுக் குடித்தால் உடலுக்காவது உதவும்.

தேங்கிய நீரை முதலில் அள்ளி அகற்றுங்கள். பின்னர்ச் சிறிது சவர்க்காரத்தூளை இட்டு, கலந்த நீரைத் துவாரத்தின் அருகே தாழப்பிடித்து, விட்டுவிட்டு ஊற்றுங்கள். சவர்க்காரம் இன்றேல், இளகிய கொழுப்பு அப்பாற் சென்று மீண்டும் உறைந்துவிடும்.

குழாயைவிட நான் அஞ்சுவது குழந்தைகளைப் பற்றியே. அடுப்பிலிருந்து தொட்டிவரை கொதிநீரைத் தூக்கிச் செல்லும் அந்த நாலைந்து அடிதான் ஆபத்தானது. காலடியில் ஒரு பிள்ளை ஓடிவந்தால் என்னாகும்? 60 பாகை நீரே சில விநாடிகளில் தோலை ஆழமாகப் புண்ணாக்கவல்லது. சிறுவரின் மெல்லிய தோலோ இன்னும் விரைவில் வெந்துவிடும். ஆகையால் பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே இருத்துங்கள். பாத்திரத்தைப் பாதியளவே நிரப்புங்கள். தவறிச் சுட்டுவிட்டால், ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். பற்பசையோ எண்ணெயோ பூசலாகாது. புண் பெரிதாயின், அல்லது சுடப்பட்டது குழந்தையாயின், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூள்கள் பலவற்றில் எரிசோடா உண்டு. நீர் பட்டவுடன் அது தானே கடுஞ்சூடேறும். அதன்மேற் சுடுநீரை ஊற்றினால் கொதித்தெழுந்து முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும். எனவே வேறெவரேனும் முன்னரே தூள் இட்டனரா என வீட்டாரை விசாரித்த பின்னரே கேத்தலைத் தொடுங்கள்.

இருமுறை ஊற்றியும் வழி திறக்கவில்லையெனில் மூன்றாம் முறை வேண்டாம். தூள் எதுவும் இடாதிருந்தால், கீழே வாளியொன்றை வைத்து வளைகுழாயைக் கழற்றலாம். ஆனால் ஊற்றிய நீர் ஆறும்வரை அதிற் கைவைக்காதீர்கள்.