தேடும் காலத்துச் செலவை ஏற்பவர் யார்?



தொழில் என்றதும் புதிதாக ஒன்றைத் தொடங்குவதையே நாம் எண்ணுகிறோம். நடந்துவரும் தொழிலை விலைக்கு வாங்கி நடத்துவதும் ஒரு வழியே. உரிமையாளர் முதுமை எய்திவிட்டார். பிள்ளைகள் வேறு வேலைக்குச் சென்றுவிட்டனர். வாடிக்கையாளர் உண்டு, இலாபம் உண்டு, நடத்த ஆளில்லை. இத்தகைய தொழிலைத் தேடி வாங்குவதை அமெரிக்காவில் ஒரு முறையாகவே வகுத்துள்ளனர். 1984-இல் தோன்றிய அம்முறையை வளர்த்தவர் பேராசிரியர் இர்விங் குரோஸ்பெக். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் அதன் வெற்றி தோல்விகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிடுகிறது.

தேடலுக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகும். அதுவரை குடும்பம் உண்ணவேண்டும்; பயணம், ஆடிட்டர், வழக்கறிஞர் ஆகிய செலவுகளும் உண்டு. இவற்றை யார் தருவது என்பதில்தான் இரு வழிகள் பிரிகின்றன.

முதல் வழியில், பத்துப் பதினைந்து முதலீட்டாளர்கள் கூடி நான்கைந்து இலட்சம் டாலர் தருகின்றனர். தேடுபவர் அதிலிருந்து சம்பளம் பெறுகிறார். தொழில் அமைந்தால், அதை வாங்குவதற்கான முதலையும் இடும் முன்னுரிமை அவர்களுக்கே. தேடலுக்கு 40,000 டாலர் தந்தவர் கணக்கில் 60,000 டாலராகப் பங்கு ஏறும். தேடியவருக்குக் கிடைப்பது மிகுதியாக நூற்றுக்கு 25 பங்கு. அதுவும் மூன்று தவணையாக: வாங்கிய அன்று ஒரு பகுதி, சில ஆண்டுகள் நடத்தியபின் ஒரு பகுதி, முதலீட்டாளருக்குக் குறித்த இலாபத்தை ஈட்டித் தந்தால் எஞ்சியது.

இரண்டாம் வழி சொந்தச் சேமிப்பில் தேடுவது. பின்னர் அரசின் சிறுதொழில் நிருவாகத்தின் உத்தரவாதத்தோடு வங்கியில் 50 இலட்சம் டாலர் வரை கடன் பெறலாம். பெரும்பங்கு தமக்கே நிற்கும். ஆனால் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குடையவர் ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் எழுதித் தரவேண்டும். தொழில் கவிழ்ந்தால் வீடும் உடன் போகலாம்.

பங்கு பெரிது என்பதால் இரண்டாம் வழியைப் புகழ்வோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. தேடுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எதையும் வாங்காமலே திரும்புகின்றனர். முதல் வழியில் அந்த நட்டம் முதலீட்டாளருடையது, திருப்பித் தரவேண்டியதில்லை. இரண்டாம் வழியில் அது தேடியவர் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேரும். மாமனாரின் நிலமோ தந்தையின் சேமிப்போ தாங்கும் வீட்டுப் பிள்ளை அதைப் பொறுத்துக்கொள்வான். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவனுக்கு இரண்டாண்டுச் சம்பளம் போவது, தங்கையின் படிப்பு நிற்பதாகவும் ஆகலாம். அன்றியும், அனுபவமுள்ள முதலீட்டாளர் கணக்கைப் படித்து எச்சரிப்பார். விற்பவருக்கு அறிமுகம் செய்வார். நமக்குப் பரம்பரையாக வாய்க்காதது அந்த அறிமுகமே. அந்த முதலீட்டாளரும் தமக்குப் பழகிய கல்லூரி வட்டத்துக்குள்ளேயே ஆளைத் தேடுகிறார்கள் என்பது வேறு தொல்லை!

நம் நாட்டிலும் கடன் திட்டங்கள் வந்தன. 2016-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டு அப் இந்தியா, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைக்க வகுத்தது. பயனாளி முதன்முதலாகத் தொடங்கும் தொழிலுக்கே அக்கடன் தரப்பட்டது. தேடும் காலத்துச் சோற்றுக்கு அதில் இடமிருக்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, இப்போதுள்ள வேலையை விடாமலே தேடத் தொடங்குங்கள். நீங்கள் பணிசெய்து பழகிய தொழிலிலேயே, ஓய்வு பெற விரும்பும் உரிமையாளர்களை விசாரியுங்கள். விலையில் ஒரு பகுதியைத் தவணையாகப் பெற இசைவாரா என்று அவரிடமே கேளுங்கள். வங்கிப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், ஜாமீன் உங்கள் பெயரோடு நிற்கிறதா, பெற்றோர் வீட்டையும் தொடுகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.