அரிசிக் கொத்தும் ஆட்சி மாற்றமும்

(முன்னேஸ்வரம் திருவிழாவுக்கு வந்த தோட்டக் குடும்பங்கள் சிலாபத்தில் ஒன்றுகூடிய போது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சாமி கும்பிட வந்த இடத்தில் அரசியல் எதுக்கு என்று சில பேர் யோசிப்பீங்க. காரணம் இந்தக் கடற்கரையிலேயே இருக்கு. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீட்டர் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாய்க்கு ஏறியது. படகுக்கு எண்ணெய் ஊற்ற வழியில்லாத சிலாபத்து மீனவர்கள் ரோட்டுக்கு இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் செத்தார். ஆனால் ஆட்சி அசையவில்லை. 2015 தேர்தலில்தான் அது போனது.

அப்படியென்றால் தொழிலாளியால் ஒரு ஆட்சியை அசைக்கவே முடியாதா? முடியும். 1953 இல் அது நடந்தது.

அந்த வருஷம் ஜூலையில் ரேஷன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பனிஸையும் நிறுத்தினார்கள். ரயில் கட்டணம், தபால் கட்டணமும் ஏறியது. இடதுசாரிக் கட்சிகளும் அவர்களுடைய தொழிற்சங்கங்களும் ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலுக்கு அழைத்தன. கொழும்பில் தொழிற்சாலை, துறைமுகம் எல்லாம் வேலை நின்றது. அதோடு முடியவில்லை. மேற்கு, தெற்குக் கரையோரக் கிராமங்களில் சனங்கள் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள், தண்டவாளத்தைக் கழற்றினார்கள். மந்திரிமார் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்த வேண்டி வந்தது. சோற்றுக்கு விலை ஏற்றினவர்களுக்குத் தரையில் கால் வைக்கப் பயம்! பொலிஸ் சூட்டில் பலர் செத்தார்கள். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி விலையும் குறைந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தலைவர்கள் ஒரு நாளைக்கென்றுதான் கூப்பிட்டார்கள். மறுநாள் என்ன செய்வது என்று அவர்களிடம் திட்டம் இல்லை. சனம் முன்னால் போய்விட்டது, தலைவர்கள் பின்னால் நின்றார்கள். பிரதமர் மாறினார், அதே கட்சி ஆட்சியில் இருந்தது. இதைப் புரட்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போது நம்ம ஆட்கள் எந்த நிலையில் இருந்தார்கள்? 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து நம்ம பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் நம்ம வாக்கு உதவியது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பின்னால் வாக்கும் போனது. 1952 தேர்தலில் லயத்துப் பக்கம் வாக்குக் கேட்டு வர எந்தக் கட்சிக்கும் அவசியம் இருக்கவில்லை. வேலைநிறுத்தத்துக்குக் கை இருந்தது, ஆட்சியைக் கேள்வி கேட்க வாக்கு இல்லை. 2003 சட்டத்தோடுதான் அந்தக் கதை பெரும்பாலும் முடிந்தது.

தைரியம் இல்லாத சனம் இல்லை நாம. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். தோட்டத்துக்குள் சங்கக்காரன் கால் வைக்கவே துரை விடாத காலம் அது. அந்த வருஷமே துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தது. இன்றைக்கு சந்தாப் பணத்தைச் செக்ரோலில் வெட்டும்போது முணுமுணுக்கிறோம். சரி, சில தலைவர்மாரைப் பார்த்தால் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு.

இதே புத்தளம் ரயில் பாதையில் கட்டுநாயக்க இருக்கு. நம்ம பெண் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே கார்மெண்டில் வேலை செய்கிறார்கள். 2011 மே மாதம் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அந்தத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ஒரு இளைஞன் செத்தான். சட்டமூலத்தை அரசாங்கம் திரும்பப் பெற்றது, பொலிஸ்மா அதிபர் பதவி விலகினார். தையல் மெஷினை நிறுத்திய பிள்ளைகள் செய்த காரியம் அது.

2022 இல் போராட்டத்தைத் தொடங்கியது இளைஞர்கள். தொழிற்சங்கங்கள் ஏப்ரல் 28 ஆம் திகதி வேலைநிறுத்தத்துக்கும், மே 6 ஆம் திகதி ஹர்த்தாலுக்கும் இறங்கின. தோட்டங்களிலும் கொழுந்து எடுக்கவில்லை. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். சங்கங்கள் பிந்தித்தான் வந்தன என்பது என் கருத்து. ஆனால் ரயிலும் தொழிற்சாலையும் நின்ற பிறகுதான் ஆட்சிக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இப்போது நான் கேட்பது இதுதான். கட்டுநாயக்கவில் வாடகை அறையில் இருக்கிற உங்கள் பிள்ளையின் பெயர் எந்த வாக்காளர் இடாப்பில் இருக்கு? தோட்டத்திலா, அங்கேயா, இரண்டிலும் இல்லையா? சேமலாப நிதி இலக்கம் அவளுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாங்க. பேர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கொடுத்தால் கிராம சேவகருக்கும் தொழில் திணைக்களத்துக்கும் கடிதம் எழுதலாம்.